டோர் லாக்

தேவகோட்டையில் மதியம் ஒரு மணிக்கு
வெயில் தார்ச்சாலையை மென்றுகொண்டிருக்கும்.
நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் பார்த்த கண்ணோடு
சந்தியாகு மெஸ்ஸுக்குள் நுழைவேன்.

முதல் நாள் தனியாய் வந்து உட்கார்ந்தபோது
"ஃபேமிலி ரூம் இல்லையேம்மா" என்றார்.
"நானே ஒரு ஃபேமிலிதான், இலையைப் போடுங்க" என்றேன்.
அன்றிலிருந்து ஃபேனுக்கு நேர் கீழே என் இடம்.

ஆறு மேசை.
ஆடும் மேசையின் காலுக்கு
சிப்பி ஓடு ஒன்று முட்டுக் கொடுத்திருக்கிறது.
சாப்பாடு எழுபது. மீன் குழம்பு அதில் சேர்த்தி.
பொரித்த மீன் தனி. அதன் விலை
கடலைப் பொறுத்தது,
கொஞ்சம் ரெஜினாளின் மனசையும்.

இப்போது தடைக்காலம்.
கரும்பலகையில் வஞ்சிரத்தை அழித்தாயிற்று.
பாறையில் 'றை' மட்டும் மிச்சம்.
அதற்குக் கீழே
சாக்பீஸ் உடையும் அழுத்தத்தில்:
இன்று சிப்பி உண்டு.

தொண்டியிலிருந்து எக்ஸெல் வண்டியில்
ஈரச் சாக்கு சொட்டச் சொட்ட வந்தது.
அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.
காயாத சிமெண்ட்டில் கோழி நடந்தது போல ஓடு.
சட்டிக்குள் மூடியைத் தட்டித் தட்டி வெந்து
கல்பாசி, சோம்பு, நசுக்கிய மிளகு,
வெள்ளைப்பூண்டு எல்லாம் ஏறி
தட்டில் விழும்போது
வாய் பிளந்திருக்கும்.
உள்ளே விரல்நுனி அளவு ஓர் உப்பு.
கடலைப் பார்த்து எனக்கு நாலு வருஷம்.
நாக்கு பார்த்துவிட்டு வந்து சொன்னது.

எதிர் நாற்காலியில் பாக்கியராசு.
லாரியில் லோடு இறக்கியவன்,
புருவமெல்லாம் சிமெண்ட்.
உறிஞ்சுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும்.
திடீரென்று நிறுத்தி
எதையோ விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தான்.
"முத்தா?" என்றேன்.
"பல்லு" என்றான்.
கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
அடுத்த சிப்பியை எடுத்தான்.

இங்கே ஓட்டை எண்ணித்தான் காசு. ஒன்று எட்டு ரூபாய்.
ரெஜினாள் குனிந்து
என் தட்டை விரலால் கிளறினாள்.
பன்னிரண்டு.
இன்னும் இரண்டு கிடந்தன, இறுக மூடியபடி.
நான் கத்தி கேட்டிருந்தேன், அவள் தரவில்லை.
எடுத்து வாளியில் எறிந்தாள், டங் டங்.
"இம்புட்டுச் சூட்டுக்கும் வாயைத் தொறக்கலேன்னா
அதைத் தின்னக் கூடாது.
அதுக்குக் காசும் கிடையாது."

எங்கள் ஆபீசில் அப்படியில்லை.
பூட்டிய வீட்டுக்கும்
போன தடவைக் கணக்கையே போட்டு பில் போகும்.
என் மெஷினில் அதற்கென்று ஒரு பட்டன்: டோர் லாக்.
இந்தத் தெருக்களில் அழுத்தி அழுத்தி
அதன் மேல் இருந்த எழுத்தே தேய்ந்துவிட்டது.
கடல் பக்கம் பார்க்காத இந்த ஊரில்
தெருவுக்கு இருபது பூட்டு.
இந்தச் சந்தில் வேகமாய்ச் சுற்றுவது
மெஸ் மீட்டர் ஒன்றுதான்.
கமர்ஷியல் ரேட் வேறு. சந்தியாகு
என்னைப் பார்த்தாலே அரைக் கண்ணை மூடிக்கொள்வார்.

நூற்று அறுபத்தாறு கொடுத்தேன்.
சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.
போகவில்லை.

பதினேழாம் நம்பர்.
போன வருஷம் முழுக்க டோர் லாக்.
உள்ளே வாட்ச்மேன் வெள்ளைக்கண்ணு இருக்கிறார்,
இருமல் கேட்கும், திறக்க மாட்டார்.
பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு
கட்டைவிரலை பட்டன் மேல் வைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்
மூக்கு உறிஞ்சும் சத்தம்.
பிறகு, அடித்தொண்டையில்:
"சந்தியாகு கடையில
இன்னைக்குச் சிப்பியா?"

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.
ஒரு ஜாண்.
"தீந்துபோச்சா, இருக்கா?"